ஓட்டிப் பார்க்க வந்த வண்டிகள்

அம்மா வழியில் வந்த நிலத்தில் ஆறேழு வருடமாக யாரும் கால் வைக்கவில்லை. முள்ளும் கொடியும் ஆளுயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்தன. வாடகை டிராக்டர்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, டயர் கிழிந்தால் யார் பதில் சொல்வது என்று திரும்பிப் போனார்கள். வேறு வழியில்லாமல்தான் அப்பா சொந்தமாக ஒன்று வாங்கச் சம்மதித்தார். நிலம் சுத்தமாக வேண்டும், அதற்கு வண்டி வேண்டும். அவர் கணக்கு அதோடு முடிந்தது.

அக்காவின் கணக்கு வேறு. அவள் ஒரு பால் நிறுவனத்தின் வேன் ஓட்டுகிறாள். காலையில் கை நீட்டிச் சாவியை வாங்க வேண்டும், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் நிலத்தைப் போல வாடகை வண்டி நுழையாத நிலங்கள் சுற்றிலும் எத்தனையோ உண்டு. ஒரு டிராக்டர் இருந்தால் அவற்றை வெட்டிக் கொடுத்தே பிழைத்துக்கொள்வேன் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அப்பா காதில் போட்டால், இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகிறாயா என்பார்.

எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பகலில் எனக்கு அச்சகத்தில் வேலை, மாலையில் பண்ணை இயந்திர வகுப்பு. பாதிப் பாடம்தான் முடிந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

“இந்த வீட்டுல பாதிக் கிணறாவது தாண்டினவ நீதான்” என்றார் அப்பா. அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மூன்று கடைகள் ஏறி இறங்கினோம். பளிங்குத் தரை, உறை பிரிக்காத இருக்கை, மினுங்கும் சக்கரம். அந்த வெளிச்சத்தில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். நிலத்துக்கே கொண்டுவந்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம் என்று யோசனை சொன்னேன். ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள், ஒரே மாதிரிப் புதர், பின்னால் ஒரே வகைக் கருவி, ஒரே ஓட்டுநர். ஓட்டுநர் அக்கா. அப்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும் என்று நினைத்தேன்.

எந்தக் கருவி என்பதில் மட்டும் தகராறு. வேரோடு பிடுங்கும், பல் வைத்த கருவியைக் கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். வேரை விட்டால் மழைக்குப் பிறகு இரண்டு மடங்காக வரும் என்று வகுப்பில் சொன்னதையும் சாப்பிடும்போது அக்காவிடம் ஒப்பித்தேன். அப்பா அப்போது மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்ததால், இது எதுவும் அவர் காதில் விழவில்லை.

“மேலாக்க வெட்டற கருவி போதும்டி. ஓட்டிப் பாக்கறதுக்கு எதுக்கு வேரெல்லாம்?” என்றாள் அக்கா.

அவள் சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. எதிரில் இருப்பவர் உறுதியாகச் சொன்னால் எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும். வெட்டும் கருவியையே கொண்டுவரச் சொன்னோம்.

முதல் வண்டி பெரியது. கேட்டின் தூணை உரசிக்கொண்டு நுழைந்தது, திரும்புவதற்குப் பாதி நிலம் கேட்டது. இரண்டாவது சிறியது, நான்கு சக்கரமும் இழுக்கும். அடர்ந்த இடத்தில் கொஞ்சம் திணறினாலும் நிற்கவில்லை. மூன்றாவது வண்டியின் கருவியில், பளு கூடினால் அறுபடும் ஆணி இரண்டு முறை அறுந்தது. பழி வண்டிக்கா ஆணிக்கா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கூட வந்த மெக்கானிக், “உங்க அக்கா ஓட்டறதப் பாத்தா முள்ளே ஒதுங்கி வழி விடும்போல” என்றார். அக்கா சிரிக்கக்கூட இல்லை, கண்ணை எடுக்காமல் ஓட்டினாள்.

மூன்றாவது பட்டை முடிந்தபோதுதான் கவனித்தேன். மூன்று பட்டைகளும் சேர்ந்தால் கிட்டத்தட்ட முழு நிலம். பின்வேலி வரை பார்வை தடையில்லாமல் போனது.

அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “டிக்கெட் எடுக்காமலே இறங்கற இடம் வந்துருச்சு. இனிமே எதுக்கு டிக்கெட்?” என்றார்.

என் நியாயமான ஒப்பீடு அக்காவின் டிராக்டரை விழுங்கிவிட்டது. மறுநாள் அவள் வழக்கம்போல் வேனுக்குப் போனாள். கடைக்காரர்கள் தொலைபேசியில் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா இழுத்தார். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு பருவமழை பிடித்துக்கொண்டது. விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே வந்து கேட்டில் சாய்ந்து நின்றாள். வெட்டிய ஒவ்வொரு கட்டையிலிருந்தும் கொத்துக் கொத்தாகக் கிளை விட்டு, இடுப்பளவுக்கு வந்திருந்தது. இடையிடையே கட்டைகள் ஈட்டிபோல் நின்றன. இனி வாடகை வண்டிக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

“தெரிஞ்சேதான் வெட்டற கருவி கேட்டியா?” என்றேன்.

“மூணு வண்டியும் வேரோட பிடுங்கியிருந்தா அன்னிக்கே வேலை முடிஞ்சிருக்கும். அப்புறம் அப்பா எங்க வண்டி வாங்குவாரு?”

“அவர் வேண்டாம்னப்ப உனக்குப் பயமா இல்ல?”

“இருந்துச்சு. நீ படிச்சது தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு.”

அதே பயம் எனக்கும் இருந்திருக்கிறது என்று சொல்லவில்லை.

அப்பா சாயங்காலம் வந்து பார்த்தார். ஒரு கட்டையைச் செருப்பால் தட்டினார். அசையவில்லை. பிறகு, எந்த வண்டி என்று என்னைக் கேட்டார். இரண்டாவது வண்டி, கூடவே வேர் பிடுங்கும் கருவி என்றேன். காரணம் சொல்ல ஆரம்பித்தேன், அவர் கையமர்த்திவிட்டார்.

“பிடுங்கி முடிச்சப்புறம் வண்டி சும்மா நிக்குமே” என்றார், அக்காவைப் பார்க்காமல்.

“நிக்காதுப்பா. இதுவரைக்கும் நாலு பேர் அவங்க நிலத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க” என்றாள் அக்கா.

அவர் கேட்டுக்கொண்டாரா என்பது முகத்தில் தெரியவில்லை. வண்டி வந்த அன்று காலை, பால் நிறுவனத்தில் வேன் சாவியை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு வந்து அக்கா இருக்கையில் ஏறினாள். கேட்டின் அகலத்தை நான் நாடாவால் இன்னொரு முறை அளந்தேன், நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தேன். அப்பா வண்டிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு தூணையும் மாறி மாறிப் பார்த்து, தகரத்தில் உள்ளங்கையால் தட்டினார்.

“ரைட்” என்றார். “போலாம்.”