சாய்ந்த ‘ய’

பார்சல் வண்டிகளின் பக்கவாட்டில் போட ‘புயல்’ என்ற பெயருக்கு எழுத்து வடிவமைத்துத் தர அவன் ஒப்புக்கொண்டிருந்தான். வளைவே கூடாது, எல்லாம் கூர்முனையாக, முன்னால் பாய்கிற மாதிரி சாய்ந்திருக்க வேண்டும் என்றார் முதலாளி. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். கையில் இருந்தது அந்த ஒரே வேலைதான்.

எழுத்து தயார். படிக்க முடிகிறதா என்பதுதான் தெரியவில்லை. எழுதியவன் கண்ணுக்கு எந்தக் கிறுக்கலும் படிக்க வரும். முன்பெல்லாம் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு மனைவியைக் கூப்பிடுவான். என்ன சொல் என்று சொல்ல மாட்டான். அவள் சமையலறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்து, “இது என்ன, முள்வேலியா?” என்பாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திருத்துவான்.

அவள் இறந்த பிறகு யாரும் அவனைக் குறை சொல்வதில்லை. காலையில் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். தாளைவிட அவனைத்தான் அதிகம் பார்த்தார் அவர். “அருமையா இருக்கு தம்பி. சாப்பிட்டீங்களா?”

மத்தியானம் மாமியார் வந்தார், மகளின் தையல் மிஷினை எடுத்துப் போக. அங்கே மகளுடையது என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். கீழே வண்டி நின்றது.

“அத்தை, ஒரு நிமிஷம். அங்கேயே நின்னு சுவரைப் பாருங்க.”

“நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை.”

“என்ன எழுதியிருக்கு?”

“கண்ணாடி எடுத்துட்டு வரலியே.”

கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது. அவன் அதையே பார்த்தான். அவரும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“சொல்லுங்க அத்தை. எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லியே என் பொழப்பைக் கெடுக்கறாங்க.”

“அப்ப சொல்லிடறேன். மொத எழுத்து தெரியுது. கடைசியும் தெரியுது. நடுவுல யாரோ நாற்காலியைக் கவுத்துப் போட்டிருக்காங்க. எதுல எழுதப் போறீங்க இதை?”

“வண்டியில.”

“ஓடற வண்டி பின்னாடி எவன் ஓடிப் போய்ப் படிப்பான்?”

சுருக்கென்றது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று உறைத்தது. உட்கார்ந்து, சாய்வில் அடைந்துபோயிருந்த ‘ய’வின் இடைவெளியைத் திறந்தான். புதுத் தாளை ஒட்டினான்.

“இப்பவும் நாற்காலிதான். கொஞ்சம் நல்ல நாற்காலி.”

மறுபடியும் திருத்தினான். மூன்றாவது தாளை ஒட்டிக் கையை எடுப்பதற்குள், “புயல்” என்றார். “இதுக்கா இவ்வளவு பாடு?”

அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். முதலாளி போனில் கூப்பிட்டார். “பளிச்சுனு இருக்கு. ஊர்ப் பேரெல்லாம் எழுதணும், தமிழ் எழுத்து மொத்தத்தையும் இதே மாதிரி செஞ்சு குடுத்துடுங்க.”

கீழே ஹாரன் அடித்தது. இருவருமாக மிஷினை இறக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

“எழுத்து வரிசையே பாக்கி கிடக்கு அத்தை. அடுத்த வாரம் வர்றீங்களா?”

“எதுக்கு மாப்பிள்ளை? எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாச்சே.”

“திட்டறதுக்கு.”

அவர் ஏறி உட்கார்ந்து மிஷின் மேல் கை வைத்துக்கொண்டார்.

“பாக்கலாம்” என்றார்.

வண்டி கிளம்பியது. மேலே போய் ‘ர’வைத் தொடங்கினான். முடித்ததும் சுவரில் ஒட்டவில்லை. அத்தை வந்து பார்க்கட்டும் என்று மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்தான்.