மீட்பு மனு

எதிர்த் தெருப் பட்டறைக்காரன் தன்னுடைய வால்வையே செய்து விற்கிறான் என்று காதில் விழுந்ததும், சுத்தியல் இரும்புக் கம்பியோடு கிளம்பிவிட்டார். சுத்தியல் என்பது ஆட்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், நேரில் முதலாளி. மணல் அடைத்தால் தானே துப்பிவிட்டு மூடிக்கொள்ளும் அந்தப் பம்ப் வால்வை மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்து, காப்புரிமையும் வாங்கி வைத்திருந்தவர் அவர். இப்போது உடைக்க வேண்டியது அடுத்தவன் மண்டையை என்று முடிவுசெய்துவிட்டார்.

கடையின் முன்கண்ணாடி நொறுங்கியது. அலமாரி சரிந்தது. தடுக்க வந்த கணக்கரின் முழங்கையில் கம்பி இறங்கியது. எதிர்த் தெருக்காரன் மேஜைக்குப் பின்னால் பதுங்கியபடியே போனை நீட்டினான்.

"அடிச்சது போதும், இதைப் படிங்க. வருஷக் கட்டணம் கட்டாம உங்க பேட்டன்ட் காலாவதி ஆயிடுச்சு. இனி யார் வேணா செய்யலாம்."

காப்புரிமை அலுவலகத்தின் பக்கம்தான் அது. பொய்யில்லை.

அந்தக் கட்டணத்தைக் கவனிக்க வேண்டியவன் சுத்தியலுடைய மனைவியின் தம்பி. சாது, இருக்கிற இடம் தெரியாது. திரும்பி வந்த சுத்தியல் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அடித்தால் குடியா முழுகிவிடும்? மச்சினனை நாற்காலியோடு தூக்கிச் சுவரில் மோதினார். கீழே விழுந்தவனின் முகத்தைப் பூட்ஸ் காலால் மிதித்தார். அலறல் கேட்டு ஓடிவந்த நாலு பேர் இழுத்தும் மிதிப்பதை நிறுத்தவில்லை. தாடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

மறுநாள் காப்புரிமை வக்கீலம்மா நிதானமாக விளக்கினார்.

"போன உரிமையை மீட்டுத் தரச் சொல்லி மனு போடலாம் சார். இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. வேணும்னே கட்டாம விடலைன்னு காட்டணும். கட்ட வேண்டியவரே சத்தியம் பண்ணிக் காரணம் சொல்லணும். அவரைக் கூட்டிட்டு வாங்க."

"ஆஸ்பத்திரியில இருக்கான்."

"என்னாச்சு?"

"விழுந்துட்டான்."

விழுந்தவனின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கண் இரண்டும் வீங்கிக் கிடந்தன. பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். சுத்தியலோடு வந்த வக்கீலம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தார்.

"ஏன் கட்ட முடியாமப் போச்சு?"

அவனால் வாயைத் திறக்க முடியவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"நான் சொல்றேன். சரியா இருந்தா அவன் தலையாட்டட்டும்," என்றாள் அவள். "பட்டறையில பிரஸ் மெஷின் ஓடும்போது இவர்கிட்ட யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பிரஸ் நாள் பூரா ஓடும். பணம் கட்ட இவர் கையெழுத்து வேணும். தம்பி போய்க் கேட்டான், அறை விழுந்துச்சு. இன்னொரு தடவை கேட்டான், ஸ்பேனர் பறந்து வந்துச்சு. அப்புறம் நல்ல நேரம் பார்த்துக் கேட்கலாம்னு காத்துக்கிட்டே இருந்தான். கெடு போயிடுச்சு. போனதைச் சொல்லவும் பயம்."

தம்பி தலையாட்டினான். அழுதான். தாடை வலித்ததால் அதையும் ஒழுங்காக அழ முடியவில்லை.

கீழே போய் அச்செடுத்து வந்த தாளில் அவன் கையெழுத்துப் போட்டான். வக்கீலம்மா பேனாவைச் சுத்தியலிடம் நீட்டினார்.

"இது நிக்கும் சார். கட்ட நினைச்சவரால கட்ட முடியலை, அவ்வளவுதான். இதெல்லாம் உண்மைன்னு நீங்களும் கையெழுத்துப் போடணும். எதிர்த் தெருக்காரர் ஆட்சேபிச்சா விசாரணையில வாசிப்பாங்க."

அந்த எதிர்த் தெருக்காரன் முன்னால் வாசிப்பதா? சுத்தியலுக்கு உச்சந்தலை கொதித்தது.

"மறந்துட்டான்னு எழுதுங்க."

"அவர் மறக்கலையே."

"டேய், மறந்துட்டேன்னு தலையாட்டுடா."

கட்டிலை நோக்கி ஒரு அடி வைத்தார். மச்சினன் இரண்டு கையாலும் முகத்தை மூடினான். கையில் சொருகியிருந்த குளுக்கோஸ் ஊசி பிய்ந்து போர்வையில் ரத்தம் சிதறியது. குறுக்கே எழுந்து நின்ற மனைவியை ஓங்கி அறைந்தார். அவள் இரும்புக் கட்டிலின் விளிம்பில் மோதி விழுந்தாள். சுத்தியல் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார்.

மனைவி எழுந்திருக்காமல் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தாள் அச்சடிக்கலாம். என் தம்பி கையெழுத்துப் போட மாட்டான். நானும் போடச் சொல்ல மாட்டேன்."

காவலாளிகள் வந்து அவரைத் தரதரவென்று இழுத்துப் போனார்கள்.

நாள் இன்னும் மிச்சமிருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டு, தம்பியை மறுபடி கையெழுத்துப் போட வைத்து, தானும் போட்டால் உரிமை திரும்பி வந்துவிடும் என்று வக்கீலம்மா போனில் சொல்லிப் பார்த்தார். மன்னிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் சுத்தியல் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினார். மாசக் கடைசி வந்தது, போனது. மனு போடவில்லை.