வன்னித் தாய்

கொட்டாஞ்சேனைக் கோயில் வீதியில் நின்ற வன்னி மரத்தைக் இராணுவக் காவலரணின் பார்வைக்கு மறைப்பு என்று வெட்டிவிட்டார்கள். விஜயதசமியன்று மானம்பூத் திருவிழாவில் வாழையோடு சேர்த்து நடுவதற்குக் கொப்பு தந்த மரம். பட்டை கஷாயத்துக்கு உதவும். வெட்டுவதற்குச் சற்று முன்னர்தான் பத்மாவதி அதில் ஒரு கொழுந்து கிள்ளியிருந்தாள். கொழும்பில் வேறு வன்னி அவளுக்குத் தெரியாது.

வெள்ளவத்தை வீட்டின் பின்னறையில், பிரஷர் குக்கரில் அவித்த போத்தல்களில் கடல்பாசிக் கூழ் ஊற்றி அந்தக் கொழுந்தை வளர்த்தாள். முன்பு ஆராய்ச்சிக்கூடத்தில் பழகிய வேலை. ஆனாலும் பூஞ்சணம் ஒவ்வொரு போத்தலாகத் தின்றது. மிஞ்சிய ஒன்றின் தளிர்களை வெட்டி இன்னும் இரண்டில் நட்டாள். ஆராய்ச்சிக்கூட வழக்கப்படியே பெயர் ஒட்டினாள்: வன்னி – தாய். வன்னி – பிள்ளை.

நகரில் குண்டு வெடித்த மறுநாள் வீடு வீடாகச் சோதனை நடந்தது. இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் வாசித்துச் சொல்லக் கான்ஸ்டபிள் புவாத் கூட வந்திருந்தான். போத்தல்களில் இருந்த பெயர்களை அவன் வாசித்ததும் இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. வன்னி என்றால் அவருக்குப் புலிகள் இருக்கும் காடு.

“மிஸ், வன்னித் தாயும் புள்ளயும் எங்க ஈக்கிறாங்க எண்டு இன்ஸ்பெக்டர் மாத்தியா கேக்கிறார்.”

“போத்தலுக்குள்ளைதான் நிக்கினம்.” சொன்ன பிறகுதான் பகிடிக்கு நேரமில்லை என்று அவளுக்கு உறைத்தது. “அது மரத்தின்ர பேர், தம்பி.”

“இந்த வெள்ள என்னத்த?”

“கடல்பாசி.”

“அட! நோம்புக்கு எங்கட உம்மா காச்சிறது!” அதை அவன் சிங்களத்தில் சொல்ல, இன்ஸ்பெக்டர் லேசாகச் சிரித்தார். ஆனாலும் ஒன்றைத் திறக்கச் சொன்னார்.

“திறந்தால் பூஞ்சணம் பிடிச்சுச் செத்துப்போம்.”

“தொறக்காட்டி மூணையும் கொண்டு போவாங்க, மிஸ். எத எண்டு நீங்களே செல்லுங்க.”

பத்மாவதி மூன்று போத்தல்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிள்ளைகளில் கொழுந்து இருந்தது. தாயில் வெட்டிய கணுக்கள்தான். தாயை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் திறந்து முகர்ந்தார். கூழில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மூடியை அவரே கவனமாக இறுக்கித் திருகி வைத்தார்.

“பேர மாத்துங்க மிஸ். ரோசா எண்டு எழுதுங்க,” என்று வாசலில் திரும்பிச் சொன்னான் புவாத்.

சில நாளில், விரல் பட்ட இடத்திலிருந்து வெள்ளை நூல் படர்ந்தது. மற்றவற்றுக்குப் பரவாமல் அந்தப் போத்தலைக் குக்கரில் வைத்து அவித்தாள். பிள்ளைகளில் ஒன்று பக்கத்தில் புதுத் தளிர் விட்டிருந்தது. அதன் பெயர்த்தாளைக் கிழித்துவிட்டு, பேனையைப் பிடித்தபடி இருந்தாள்.

பிறகு எழுதினாள்: வன்னி – தாய்.