கோப்பி விரியனும் குதிரை மருந்தும்

1921ஆம் ஆண்டு இலங்கையின் நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரிக்கு இந்தியாவிலிருந்து பாம்புக்கடி மருந்து வந்தது. இரண்டு குப்பி. விஷம் ஏற்றிப் பழக்கிய குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்தது. நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் மட்டுமே கேட்கும், சிலருக்கு மருந்தே மூச்சை அடைத்துவிடும் என்று கூட வந்த தாளில் இருந்தது. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட கணபதி அதை மூன்று தடவை படித்தார். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை படிக்கவில்லை.

ஆடி மாதம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பாக்கியலெட்சுமியின் காலில் பாம்பு கடித்தது. புருஷன் மாரிசாமி அவளை முதுகில் சுமந்து வந்தான். அடித்த பாம்பு அவன் இடுப்பில் கட்டிய சாக்கில் இருந்தது.

கணபதி அதைக் கொட்டிப் பார்த்தார். ஒரு முழம்கூட இல்லை. மூக்கு மேல்நோக்கி வளைந்திருந்தது.

"கோப்பி விரியன். இதுக்கு அந்த மருந்து கேக்காது. கால் வீங்கும், வலிக்கும். படுக்க வச்சுப் பாத்துக்கிட்டா அநேகமாப் பொழைச்சுக்குவா."

"மருந்து அலமாரியில இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப போடுங்க ஐயா."

கணபதி தலையாட்டி மறுத்தார். அதற்குள் துரை வந்துவிட்டார்.

"வரவழைச்ச மருந்து சும்மா இருக்கவா? போடு."

கணபதி தாளை நீட்டினார். துரை அதை வாங்காமல், "போடு" என்றார்.

மூச்சடைப்புக்கான அட்ரினலின் ஊசியை நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணபதி குதிரை மருந்தைப் போட்டார். ஐந்து நிமிடத்தில் அவள் உடம்பெல்லாம் தடித்தது. உதடு வீங்கியது. மூச்சு விசிலடித்தது.

"விஷம் ஏறுதுங்களா?" என்றான் மாரிசாமி.

"இல்ல. மருந்து ஏறுது."

கணபதி அட்ரினலினைப் போட்டார். அரைமணி நேரம் கழித்து மூச்சு சீரானது. கால் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ஒன்பதாம் நாள் காய்ச்சலும் மூட்டுவலியும் அரிப்பும் வந்தன. அதுவும் மருந்தின் வேலைதான். மருந்து உயிரைக் காப்பாற்றியதென்று துரை பதுளை நகரத்து அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்.

அவள் எழுந்து உட்கார்ந்த அன்று கணபதி நடந்ததைச் சொன்னார்.

"தேவையில்லாத மருந்தும்மா. தெரிஞ்சுக்கிட்டே குத்துனது நான்தான். மன்னிச்சுக்க."

"மூச்சைத் திருப்பிக் குடுத்த ஊசியையும் நீங்கதானே போட்டீங்க" என்றாள் அவள்.

"இனி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குதிரை மருந்து ஒத்துக்காதுன்னு சொல்லிடு."

"சரிங்க. பாம்புங்ககிட்டயும் சொல்லிடவா?"

மறுநாள் காலை அவள் நொண்டிக்கொண்டே லயத்து வீட்டுக்குப் போனாள்.