முதுகுக் காட்சி

செத்துப்போனவரின் குரல் உள்ளறைத் தொலைக்காட்சியில் யாரோ ஒருத்தியைக் கொஞ்சிக்கொண்டிருந்தபோது, பெரியவள் கூடத்தில் அப்பாவின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூட மறுத்தது. ஆஸ்பத்திரியில் சரியாகத்தான் கட்டி அனுப்பியிருந்தார்கள். வழியில் எப்படியோ தளர்ந்துவிட்டது.

“வீட்டுல வாயே திறக்காத மனுஷன், இன்னிக்கிப் பாத்து அடம் பிடிக்கிறாரு,” என்றாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா.

“டிவிய யாரும்மா போட்டது?”

“துக்கம் கேக்க வந்தவங்கதான். போகட்டும் விடு. மூத்த சம்சாரம் இல்லாம இவர எப்படி அனுப்புறது?”

மூத்த சம்சாரம் என்று அந்த வீட்டில் சொன்னால் அது டிவியில் தெரிந்த அந்த நடிகர். அவர் வேறு மொழிக்காரர். நாற்பது வருடமாக இந்த மொழியில் அவருக்குக் குரல் கொடுத்தவர் அப்பா. ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தால், “உங்க மூத்த சம்சாரம் கூப்பிடறாங்க” என்றுதான் அம்மா ரிசீவரை நீட்டுவாள். நடிகர் திரைக்கு வந்து ஐம்பது ஆண்டு ஆகிவிட்டதாம். அவருடைய தலைசிறந்த பத்துப் படங்களை ஒரு சேனலில் பத்தாம் இடத்தில் தொடங்கித் தினம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இன்று முதலிடம். அப்பா விடியற்காலையில் போய்ச்சேர, படம் மதியம் ஆரம்பித்தது. நாலு மணிக்கு வண்டி வரும்.

காலையிலேயே நடிகரின் மேனேஜர் ஒரு பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதில் நடிகரின் பெயர் முழ நீளத்துக்கு இருந்தது. அப்பாவின் பெயரைக் கீழே தேடிப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது. பெரியவள் அதைத் தூக்கிப்போய்ச் செருப்பு ஸ்டாண்டுப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டாள்.

அவளுக்கு அந்த ஆளைக் கண்டால் ஆகாது. பொறாமைதான், அதில் ஒளிவுமறைவு என்ன இருக்கிறது? தொண்டைதான் சோறு போடுகிறது என்று அப்பா வீட்டில் பேசவே மாட்டார். குளிர்ந்த தண்ணீர் கிடையாது, சிரிப்பு கிடையாது, அதட்டல்கூடக் கிடையாது. பக்கத்தில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் இருக்கும். ஒரு தட்டு தட்டினால் பெரியவள் போக வேண்டும், இரண்டு தட்டினால் சின்னவள். மற்றதெல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். ‘கணக்கில் ஏன் மதிப்பெண் குறைவு?’ என்று ஆச்சரியக்குறி கூட இல்லாமல் எழுதுவார்.

பத்து வயதில் பள்ளிக்கூடத் தோழியோடு அவள் ஒரு படத்துக்குப் போனாள். திரையில் காய்ச்சலில் கிடந்த ஒரு சிறுமியின் நெற்றியில் கைவைத்து, அந்த நடிகர் அப்பாவின் குரலில், “என் உசுரே, கண்ணத் திறந்து அப்பாவப் பாருடா” என்றார். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. பெரியவளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. யாரோ பெற்ற பெண், காய்ச்சல்கூடப் பொய், அதற்கு எங்கப்பாவா? வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு அந்த நடிகரின் படங்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குமேல், தடித்த கண்ணாடி போட்ட கிழவர் ஒருவர் வந்து அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றார். அப்பாவோடு வேலை பார்த்த சவுண்டு இன்ஜினியராம். வீட்டுக்கு இதுவரை வந்ததில்லை. துக்கம் கேட்டவர்கள் பெரும்பாலும் கிளம்பியிருந்தார்கள். பெரியவள் அவருக்கு உள்ளறையில் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். தொலைக்காட்சியைப் பார்த்ததும் கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இந்தப் படமா! முதலிடம் குடுத்திருக்கானுங்களா? குடுக்கணும். கடைசி சீன் ஒண்ணு போதும்மா. ரயில்வே பிளாட்பாரம். மகள விட்டுட்டுப் போவான். அது முதுகுக் காட்சி.”

“அப்படின்னா?”

“ஆள் முதுகக் காட்டிக்கிட்டு நடப்பான். வாய் தெரியாது. வாய் தெரியாட்டி எங்களுக்குக் கொண்டாட்டம், உதட்டுக்கு ஏத்த மாதிரி வார்த்தையை ஒட்ட வேண்டாம் பாரு. உங்கப்பா அன்னிக்கி காகிதத்தப் பாக்கவே இல்ல. கண்ண மூடிக்கிட்டுப் பேசினாரு. பேசும்போது மகள் பேர மாத்திச் சொல்லிட்டாரு. நான் மறுபடி எடுக்கலாம்னு போனா, டைரக்டர் கையப் புடிச்சுக்கிட்டாரு. செல்லப்பேரா இருந்துட்டுப் போகட்டும், இதுக்குமேல யாராலயும் சொல்ல முடியாதுன்னுட்டாரு.”

“என்ன பேரு?”

“மிட்டாய்னு.”

பெரியவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“வெளிய வந்து கேட்டேன். வீட்டுல என் பொண்ணுன்னாரு, வெக்கப்பட்டுக்கிட்டு.” கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவளை உற்றுப் பார்த்தார். “அது நீதானேம்மா?”

மிட்டாய் என்பது சின்னவள். மூன்று வயதில் ஒரு மிட்டாய்க்காகத் தெருவில் உருண்டு புரண்டு வாங்கிய பட்டம். பெரியவளுக்குச் செல்லப்பெயர் வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. அவள் உருளவும் இல்லை, புரளவும் இல்லை. நல்ல பெண்ணாக இருந்து தொலைத்துவிட்டாள்.

“ஆமா,” என்றாள்.

கிழவர் அவள் தலையில் கைவைத்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கூடத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பெரியவள் ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில் திருட்டு! அதுவும் அப்பா கூடத்தில் கிடக்கும்போது. இருந்தும் கொஞ்சம் இனித்தது என்பதும் உண்மை. படத்தை அணைத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. விரலைப் பொத்தானில் வைத்திருக்கும்போது சின்னவள் முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“அணைச்சிராதக்கா. நான் இவர் படம் ஒண்ணுகூட முழுசாப் பாத்ததில்ல.”

“உனக்குத்தான் கல்யாணமாகித் தனி டிவி வந்துதே.”

“போடுவேன். அப்பா குரல் வந்ததும் எழுந்து போயிடுவேன். என்னமோ நம்ம வீட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போய் அடுத்தவன் அனுபவிக்கிற மாதிரி இருக்கும்.” சின்னவள் ஈரக்கையை முகத்தில் அழுத்திக்கொண்டாள். “என்னை அப்பா ஒருநாள்கூட வாயால கூப்பிட்டதில்லக்கா. எப்பவும் அந்த ரெண்டு தட்டுதான்.”

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தனக்கு மட்டும்தான் எரிந்தது என்று இத்தனை வருடம் நினைத்திருந்தாள். எரிச்சலில்கூட இவள் பங்குக்கு வந்துவிட்டாளே என்று ஒரு கணம் கோபமாக வந்தது.

படத்தில் ரயில் வந்து நின்றது. சிறுமி சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தாள். நடிகரின் கண்களில் நீர் திரண்டது. நன்றாகத்தான் நடித்தான் பாவி. அதே நேரத்தில் வாசலில் வண்டிக்காரர்களின் குரல் கேட்டது. கிழவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்.

“மிட்டாய், வண்டி வந்துடுச்சும்மா.”

சொன்னவர் பெரியவளைப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சின்னவள் திகைத்தாள். “யாருக்கா இவரு? உன்னையா மிட்டாய்ங்கறாரு?”

“வயசாச்சு. ஆள் மாறிப்போச்சு.”

“என் பேரு இவருக்கு எப்படித் தெரியும்?”

பெரியவள் திரையைப் பார்த்தாள். கூடத்தில் அம்மா இருவரையும் கூப்பிட்டாள். சின்னவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாக்கா. அம்மா தனியா இருக்கா.”

எழுந்து அவளோடு போனால் போதும். ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், ஒரு பொத்தானும் அழுத்த வேண்டாம். திரையில் நடிகர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். அகன்ற முதுகு திரையை அடைத்தது. முகம் இல்லை, உதடு இல்லை.

பெரியவள் எட்டித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நில்லு.”

“என்னக்கா, அம்மா கூப்பிடறா—”

“நில்லுடி. கேளு.”

அப்பா பேசினார். மெதுவாக, மூச்சு வாங்க, தொண்டையைக் கொஞ்சமும் காப்பாற்றிக்கொள்ளாமல் பேசினார்.

“அழாத மிட்டாய். திரும்பிப் பாத்தா அப்பாவால போக முடியாது.”

ரயில் கூவியது. வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஓலமிட்டன. சின்னவள் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை. அறைக் கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். அங்கே வண்டிக்காரர்கள் இரண்டு பேர் குனிந்து அப்பாவின் பாதங்களை மூடிக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

“அக்கா, வலிக்குது,” என்றாள் கொஞ்சம் கழித்து.

பெரியவள் பிடியை விட்டாள். சின்னவளின் மணிக்கட்டில் நாலு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.