கடைசி இடத்துக்கு ஒரு போட்டி

பன்னிரண்டு ஆம்பிளைகள். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, எல்லோருக்கும் முட்டி வலி. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனால் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து மேசைகளை இழுத்துச் சேர்த்துப் போட்டுக்கொண்டு, இல்லாத ஆட்டக்காரர்களை வைத்து இல்லாத மைதானத்தில் கூடைப்பந்து ஆடுவார்கள். ஆடுவதுகூட இவர்கள் இல்லை. கணினி ஆடும். இவர்கள் நான் காய்ச்சும் பழச்சாராயம், ரக்கியா, குடித்துவிட்டுக் கத்துவார்கள்.

எங்கள் சாச்சக் ஊரில் குழந்தை நடக்கக் கற்பதற்கு முன் பந்தைத் தட்டக் கற்றுக்கொள்ளும். அதனால் ஊரில் எல்லோருக்கும் தான்தான் பெரிய பயிற்சியாளர் என்ற நினைப்பு. நிஜ அணி எதுவும் இவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள், அவ்வளவு மடையர்கள் யாரும் இல்லை. ஆகவே ஆளுக்கொரு அணி, கணினிக்குள். இன்ஷூரன்ஸ்கார வெரோல்யுப் தன் லேப்டாப்பை எதிர்ச் சுவரில் இருக்கும் என் டிவியில் மாட்டுவான். யார் பந்தைப் போட்டான், யார் விட்டான் என்று வரிவரியாக எழுத்து ஓடும். அதைப் பார்த்துவிட்டு ஒருத்தன் சட்டையைக் கிழித்துக்கொள்வான். ஒன்பது வருஷமாக இந்தக் கூத்தை நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். என் தலையெழுத்து.

இதில் எப்போதும் கடைசியில் கிடந்தது புதிமிரின் அணி. புதிமிர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அடுத்தவன் பிரேக்கை மிதிக்கும் வேலையில் இருக்கிறவனுக்குத் தன் வாழ்க்கையில் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கடைசியில் வருகிற அணிக்கு வசந்த காலத்தில் புதுப் பையன்களில் முதல் ஆளைப் பொறுக்கும் உரிமை உண்டு. இவனும் வருஷா வருஷம் முதல் ஆளைப் பொறுக்குவான். பொறுக்கின கையோடு, பையன் வளரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பேர்பெற்ற ஒரு கிழவனுக்கு மாற்றிக்கொள்வான். கிழவன் மூன்று ஆட்டத்தில் காலை உடைத்துக்கொள்வான். மறுபடியும் கடைசி இடம்.

இரண்டு வருஷத்துக்கு முன் இலையுதிர் காலத்தில் மற்றவர்கள் கை தூக்கி ஒரு தீர்மானம் போட்டார்கள். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷ ஆட்டம் முடியும்போதும் புதிமிர் கடைசி இரண்டு இடத்தில் இருந்தால் அணியைக் கலைத்துவிடுவது, நாற்காலியை எடுத்துவிடுவது. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தவள் நான். மனைவி ல்யுபிங்கா அவனை விட்டுவிட்டு நோவி சாட் நகரத்துக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் அவனோடு பேச ஒரு பூனைகூட இல்லை. அந்த நாற்காலியும் போனால் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. கிறுக்கன்தான், ஆனாலும் எனக்குப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு மனுஷன் உருப்படியாக ஒரு காரியம் செய்தான். கிழவர்களை எல்லாம் தள்ளிவிட்டு மூன்று இளசுகளை வாங்கிச் சேர்த்தான். ஒருத்தன் பந்தைக் கொண்டுபோவான், ஒருத்தன் தூரத்திலிருந்து போடுவான், ஒருத்தன் ஓடுவான். கூடைக்கு அடியில் நிற்க ஒரு நெட்டையன்தான் பாக்கி. அந்த வசந்தத்தில் வரப்போகிற பையன்களில் தாதியா என்று ஒரு நெட்டையனைக் கணினி உருவாக்கி வைத்திருந்தது. அவன் வந்தால் அணி எழுந்துவிடும் என்று பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். இவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

அவனைப் பிடிக்க புதிமிர் கடைசி இடத்தில் முடிக்க வேண்டும். கடைசி ஆட்டத்தில் தோற்றால் போதும். இவனுக்குத் தோற்கவா சொல்லிக்கொடுக்க வேண்டும்?

எதிரணி ராதிஷாவுடையது. ராதிஷா மரக்கடைக்காரன், புதிமிரின் கூம். கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன் எங்களுக்குக் கூம். உடன்பிறந்தவனைக்கூடத் திட்டலாம், கூமைத் திட்டக் கூடாது. அவன் அணியும் அந்த வருஷம் நாசமாய்ப் போயிருந்தது. வெற்றிக்கணக்கில் இரண்டு பேரும் சமம். ஆக, யார் தோற்கிறானோ அவனுக்கு நெட்டையன்.

அந்த ஞாயிறு என் கடையில் நடந்த அசிங்கத்தை எங்கே போய்ச் சொல்ல! இரண்டு கிழட்டுக் காளைகள், நான்தான் தோற்பேன், நான்தான் தோற்பேன் என்று மல்லுக்கு நின்றன. ராதிஷா நொண்டிகளாகப் பார்த்து இறக்கினான். புதிமிர் காய்ச்சல்காரனை இறக்கினான். பந்து கூடைக்குள் போகாமல் டிவி முழுக்க "தவறியது, தவறியது" என்றே ஓடியது. மூன்றாவது கால் பகுதி முடிந்தபோது புதிமிர் நாலு புள்ளி பின்னால் இருந்தான். அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடிந்தது. அவனுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது, தட்டில் இருந்த செவாப்பி இறைச்சித் துண்டை எடுத்து வாயில் போட்டான்.

ராதிஷாவுக்குப் பொறுக்கவில்லை.

"கூமே, தோக்குறதுக்கு நீ எதுக்கு இவ்ளோ கணக்குப் போடுற?" என்றான் எகத்தாளமாக. "ல்யுபிங்கா போனப்ப எந்தக் கணக்கும் போடலயே. அது தன்னால நடந்துச்சுல்ல?"

வெரோல்யுப் லேப்டாப்பைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். புதிமிர் வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

"வெரோல்யுப், ஆளுங்களை மாத்து" என்றான். "என் பசங்க மூணு பேரையும் எறக்கு."

"வேண்டாம்டா!" என்று நான் கல்லாவிலிருந்து கத்தினேன். "புதிமிர், அவன் உன்னைச் சீண்டி ஜெயிக்க வைக்கப் பாக்குறான்டா! உக்காருடா!"

"எறக்குன்னு சொன்னேன்."

இறக்கினான். இருபத்தாறு புள்ளியில் ஜெயித்தான். ஒவ்வொரு பந்து விழும்போதும் மேசையைக் குத்தினான். முடிந்ததும் எல்லோருக்கும் ரக்கியா ஊற்றச் சொல்லி, குடித்த கிளாஸைத் தரையில் அடித்து உடைத்து, ராதிஷாவின் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, "இப்ப சொல்றா! இப்ப சொல்றா பாக்கலாம்!" என்று கூத்தாடினான். ராதிஷா தன் கிளாஸை நிதானமாகக் காலி பண்ணினான். அவனுக்கு என்ன நஷ்டம்? கடைசி இடம் அவன் கைக்கு வந்துவிட்டது. கண்ணாடித் துண்டுகளை நான் பெருக்கினேன். வீம்பு என்று ஒன்று இல்லாவிட்டால் இந்த ஊர் ஆம்பிளைகளுக்கு நிற்க முதுகெலும்பே இருக்காது போலிருக்கிறது.

மறுநாள் காலையில் ராதிஷா காப்பிக்கு வந்தான். அவனைச் சமையலறைக்குள் இழுத்துப்போனேன்.

"அவன் கல்யாணத்துல மெழுகுவத்தி பிடிச்சு நின்னவன் நீ. என் கடையில உக்காந்து அந்தப் பேரை எடுக்குற. வெக்கமா இல்ல?"

"வாய் தவறிடுச்சு, ஸ்தாமென்கா."

"தவறல. நல்லாக் குறி பார்த்துத்தான் விட்ட."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டில் பெண்டாட்டியும் பேசுவதில்லையாம். நல்ல காரியம் செய்தாள். குவியலில் இருந்து ஒரு முட்டைக்கோஸ் இலையைப் பிய்த்துக்கொண்டே, "என்ன பண்ணணும்கற?" என்று கேட்டான்.

"நெட்டையனை எடு. எடுத்து அவன்கிட்ட குடு. பதிலுக்கு எவனையாவது ஒரு உதவாக்கரையை வாங்கிக்கோ, மாத்திக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா தனியாக் கூப்பிட்டுச் சொல்லு, காதோட. புரியுதா?"

"புரியுது."

என்ன புரிந்தது? அடுத்த ஞாயிறு ஆள் பொறுக்கும் நாள். ராதிஷா முதல் ஆளாகத் தாதியாவின் பெயரைச் சொன்னான். சொல்லிவிட்டு, உட்கார்ந்தால் என்ன, எழுந்து நின்றான். கோட்டை வேறு இழுத்துவிட்டுக்கொண்டான். மாமன்னர் தானம் பண்ணப் போகிறார்!

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றான். "போன வாரம் நான் தப்பாப் பேசிட்டேன். கூமே, நெட்டையனை நீயே வச்சுக்கோ. உன்கிட்ட இருக்கானே அந்தக் காய்ச்சல்காரன், அவனைக் குடு, போதும். மனசுல வச்சுக்காத."

ஒருத்தன் கை தட்டவே ஆரம்பித்துவிட்டான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனாலும் எனக்கு ஆசை விடவில்லை. புதிமிர் "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அணி எழுந்துவிடும், நாற்காலி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை இருக்கும். சொல்லித் தொலைடா என்று வாய்க்குள்ளேயே முனகினேன்.

புதிமிர் மெதுவாகத் தலையைத் தூக்கினான்.

"பிச்சை போடுறியா?"

"ஐயோ கூமே, அப்படி இல்ல..."

"ஊரே பாக்க நீ போடுவ, நான் ரெண்டு கையாலயும் ஏந்தணும். உன் நெட்டையனை உன் மரக்கடையில தூணா நட்டு வச்சுக்கோ. வெரோல்யுப், ரெண்டாவது ஆள் என்னுது. அந்த முட்டி வீங்கின பையன் பேரை எழுது."

"டேய், யோசிச்சுச் சொல்லு" என்று வெரோல்யுப் கெஞ்சினான். "அடுத்த வருஷம் உன் அணியே இருக்காதுடா."

"எழுதுறியா, இல்ல நான் எழுதட்டுமா?"

எழுதினான். நான் காய்ச்சிய ரக்கியாவை இத்தனை வருஷம் இவர்களுக்கு ஊற்றியதற்கு மொராவா ஆற்றில் கொட்டியிருந்தால் மீன்களாவது நன்றியோடு இருந்திருக்கும். கூமுக்கும் கூமுக்கும் நடுவில் போய் நின்று சமாதானம் பண்ணப் பார்த்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

முட்டி வீங்கினவன் ஐந்தாவது ஆட்டத்தில் படுத்துவிட்டான். மூன்று இளசுகளும் கூடைக்கு அடியில் ஆள் இல்லாமல் தவித்தார்கள். புதிமிர் கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தான். பேச்சே இல்லாமல் கை தூக்கினார்கள், அணியைக் கலைத்தார்கள். ராதிஷா மட்டும் தூக்கவில்லை. நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டது நான்தான். வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்போதும் புதிமிர் ஞாயிறு தவறாமல் வருகிறான். ஜன்னலோரம் தனி மேசையில், டிவிக்கும் அவர்களுக்கும் முதுகைக் காட்டி உட்காருகிறான். முதுகைப் பார்த்து அவர்கள் வருந்த வேண்டுமாம். அவர்களுக்கு ஆட்டம் பார்க்கவே நேரம் போதவில்லை. ராதிஷா வந்தால் இருவரும் "வணக்கம் கூமே" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதோடு சரி.

போன ஞாயிறு நான் அவனுக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தேன். பின்னால் ஒரே ஆரவாரம், ராதிஷாவை யாரோ தோளில் தட்டுகிறார்கள். புதிமிர் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினான். பிறகு என்னைப் பார்க்காமல், உதடு அசையாமல் கேட்டான்.

"நெட்டையன் இன்னிக்கு எத்தனை போட்டான்?"

முப்பத்தொன்று. அப்போதுதான் டிவியில் ஓடியது, என் கண்ணாலேயே பார்த்தேன். நாக்கு நுனிவரை வந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நல்லதோ கெட்டதோ தெரிந்த நிம்மதியில் அந்த மனுஷன் அன்றைக்குத் தூங்கியிருப்பான். ஆனால் ஆள் பொறுக்கின அந்த ஞாயிறு நான் கல்லாவில் நின்று முனகினது, கெஞ்சினது, எல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது.

"கழுத்துல சுளுக்கா? திரும்பிப் பாரு" என்றேன்.

அவன் திரும்பவில்லை. நான் சொல்லவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன், அவன் கடை சாத்தும்வரை அப்படியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.