டப்பாவில் பதினொன்று

அந்த லிஃப்ட் கம்பெனியில் அவருக்குத் தனியாக எந்தப் பதவியும் கிடையாது. மற்ற ஐந்து பேரைப் போல அவரும் ஒரு மெக்கானிக்தான். ஆனால் வியாழக்கிழமை மூன்று மணிக்கு உதிரிபாக அறையில் ஆறு பேரும் கூடி ஒருவரிடமிருந்து ஒருவர் வேலை கற்றுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் அவர். "இங்க யாரும் வாத்தியார் கிடையாது" என்று முதல் நாளே கறாராகச் சொன்னார். அன்று மாலையே அவருக்கு வாத்தியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்லது சொல்கிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

முதல் வருடம் கூட்டம் ஓஹோவென்று நடந்தது. வாரம் ஒருவர் தான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், இங்கே சொன்னது இங்கேயே இருக்க வேண்டும். இவைதான் சட்டம். சாமர்த்தியக் கதைகளுக்குக் கொட்டாவி விட்டவர்கள்கூட தவறுகளைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

வயர் டப்பாவும் வாத்தியாரின் யோசனைதான். லிஃப்ட் கதவில் கோளாறு தேடும்போது, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு சிவப்பு ஜம்பர் வயரைப் போட்டு, கதவு மூடியிருப்பதாக இயந்திரத்தை நம்பவைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். மறந்தால் கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகரும். ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் இருக்கும்போதும் நகரும். அதனால் ஆளுக்கு இரண்டு வயர், மொத்தம் பன்னிரண்டு. கூட்டத்துக்கு வரும்போது வாசலில் உள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு வர வேண்டும். வயரில் யார் பெயரும் இருக்காது. ஒன்று குறைந்தால் யாரையும் கைகாட்ட வேண்டாம், சம்பந்தப்பட்டவர் தானாகச் சொல்லிவிடுவார் என்று வாத்தியார் நம்பினார். சொல்லவும் செய்தார்கள்.

பிறகு வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மணிக்கூண்டு என்று எல்லோரும் கூப்பிடும் உயரமான ஆள் ஒருமுறை மேல்தளத்து மெஷின் அறையைப் பூட்டாமல் வந்துவிட்டதைக் கூட்டத்தில் சொல்லியிருந்தான். எங்கள் கூட்டம் எவ்வளவு அருமையாக நடக்கிறது பாருங்கள் என்று மேனேஜரிடம் பெருமையடிக்கப் போன வாத்தியார், அதையே உதாரணமாக எடுத்துவிட்டார். மறுநாள் மணிக்கூண்டுக்கு மூன்று வாரம் சஸ்பென்ஷன். வாத்தியார் அவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவன் பரவாயில்லை என்றான். அவன் மனைவி கதவைத் திறந்ததோடு சரி, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் எல்லோரும் தவறாமல் வந்தார்கள். டீ குடித்தார்கள். ஆனால் தவறு செய்கிற மனிதர்கள் எல்லாம் திடீரென்று வேறு கம்பெனிகளில்தான் இருந்தார்கள். 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்' என்றுதான் ஒவ்வொரு கதையும் தொடங்கியது. வாத்தியாருக்குப் புரியாமல் இல்லை. நாளாவட்டத்தில் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டார்.

இந்த வியாழக்கிழமை டப்பாவில் பதினொன்று இருந்தது.

மறுபடி எண்ணினார். தரையில் தேடினார். அந்த வாரம் ஆறு பேரும் சேர்ந்து பத்தொன்பது லிஃப்ட் பார்த்திருந்தார்கள். யாருடையது என்று கேட்டார். ஆளாளுக்கு இல்லை என்று தலையாட்டினார்கள். மணிக்கூண்டு, தான் இரண்டையும் போட்டுவிட்டதாகச் சொன்னான். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் தானும் அப்படியே என்றார். கோபப்பட மாட்டேன், எங்கே என்று மட்டும் சொல்லுங்கள் என்று வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார். இந்த நிமிஷம் எங்கேயோ யாரோ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் மச்சான் முகத்தைப் பார்த்தார். மனைவியின் தம்பி, முப்பது வயது, போன வருடம்தான் வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். அவன் முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. வாத்தியாருக்குச் சுருக்கென்றது. இவனாகத்தான் இருக்கும். இவன் வேலை போனால் அக்காக்காரி வீட்டை இரண்டாக்கிவிடுவாள்.

நேராக மேனேஜரிடம் போனார். பத்தொன்பதையும் உடனே நிறுத்தச் சொன்னார். பத்தொன்பது இடத்திலும் புகார் வரும், யாருடைய வயரென்று சொல், அந்த ஆள் பார்த்த லிஃப்டை மட்டும் நிறுத்தலாம் என்றார் மேனேஜர்.

"என்னோடதுதான் சார். எங்க விட்டேன்னு ஞாபகம் இல்ல."

கணக்கு அவருக்குச் சரியாகவே பட்டது. அவரும் மச்சானும் ஜோடியாகத்தான் வேலை செய்தார்கள். அவர்கள் பார்த்த ஐந்து லிஃப்டும் நின்றால் மச்சான் விட்டதும் அதில் அடங்கிவிடும். மேனேஜர் ஐந்து இடத்துக்கும் போன் போட்டு நிறுத்தினார். நாளைக்குக் கடிதம் வரும் என்று இவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். இருபது வருட வேலை. போகட்டும், ஒரு உயிரைவிடப் பெரிதா என்று வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்தார்.

தவறு தன்னுடையதுதான் என்று கூட்டத்திலும் சொன்னார். அறையே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. யாரோ டீ ஊற்றினார்கள். மணிக்கூண்டு மட்டும் கிளாஸைத் தொடவில்லை. அவன் முழங்கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதும் கதவைப் பார்ப்பதுமாக இருந்தான். அடிபட்டவன், இன்னும் கூச்சம் போகவில்லை என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். மச்சானை அலமாரிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? எந்தக் கட்டடம்?"

மச்சான் விழித்தான். "என்ன மாமா சொல்றீங்க? நம்ம நாலு வயரையும் நான்தானே எண்ணி டப்பாவுல போட்டேன். நீங்க கவனிக்கலையா?"

"அப்புறம் ஏன்டா உனக்கு இப்படி வேர்க்குது?"

"காலையிலேருந்து வயித்தால போகுது மாமா. கூட்டத்துல அதையா சொல்ல முடியும்?"

ஐந்து லிஃப்டும் வீணாக நிற்கின்றன. மீதி பதினான்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தான் சொன்ன பொய்யால் இனி யாரும் தேடவும் போவதில்லை. அலமாரியைச் சுற்றி ஓடி வந்தார்.

"வயர் என்னோடது இல்ல," என்றார். "பொய் சொன்னேன். யாரோடதா இருந்தாலும் இப்ப சொல்லிடுங்க. கால்ல வேணும்னாலும் விழறேன்."

அடுத்த அறையில், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், மேனேஜரின் போன் அடித்தது.

மணிக்கூண்டு எழுந்து நின்றான். போன் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"கண் ஆஸ்பத்திரி. ரெண்டாவது லிஃப்ட்," என்றான். "கூட்டம் முடிஞ்சதும் போய் எடுத்துடலாம்னு இருந்தேன். நடுவுல எழுந்து போனா நான்தான்னு தெரிஞ்சிடுமே."

மேனேஜர் போனை எடுத்தார். பலகைச் சுவர் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. "ஆமா, லிஃப்ட் கம்பெனிதான். எங்கேருந்து, கண் ஆஸ்பத்திரியா? சொல்லுங்க," என்றார். பிறகு, "ஆளுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டார்.